கணக்கில் கரையும் புற்றுநோய்

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் ஆண்டுதோறும் ஒரு மதிப்பீட்டு அட்டவணை வெளியிடுகிறது. எந்த உறுப்பில் எத்தனை பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்படும், எத்தனை பேர் இறப்பார்கள் என்று வரிவரியாக எண்கள். நாக்கு, இரைப்பை, நுரையீரல், மார்பகம் என்று இறங்கிவந்தால் அடியில் ‘பிறவும் முதலிடம் குறிப்பிடப்படாதவையும்’ என்று ஒரு வரி இருக்கும். அங்கே கணக்கு உதைக்கும். அண்மை ஆண்டுகளின் அட்டவணைகளில் அந்த வரியின் புதிய நோயாளிகள் 30,000-ஐச் சற்றுத் தாண்டுகிறார்கள். இறப்பவர்களோ 40,000-க்கு மேல். நோய் வந்தவர்களைக் காட்டிலும் அந்நோயால் இறந்தவர்கள் அதிகம். சங்கத்தாருக்கே இது தெரியும். இறப்புச் சான்றிதழில் காரணத்தைத் துல்லியமாக எழுதாததாலோ, புதிய நோயாளிகளைக் குறைத்து மதிப்பிட்டதாலோ இப்படி வரலாம் என்று அடிக்குறிப்பு போட்டிருக்கிறார்கள்.

அடிக்குறிப்போடு விட்டுவிடக்கூடிய சங்கதி அல்ல இது. அந்த வரிக்குள் இருப்பவர்களில் கணிசமானவர்கள் மூலமறியாப் புற்றுநோயாளிகள். மருத்துவமனை வராந்தாவில் இதை ‘செகண்டரி இருக்கு, பிரைமரி தெரியலை’ என்பார்கள். புற்றுநோய் ஓர் உறுப்பில் தொடங்கி, ரத்தத்தின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ வேறிடம் போய்த் தங்கும். போய்த் தங்கிய இடத்தில் கட்டி தெரிகிறது: கல்லீரலில், முதுகெலும்பில், கழுத்து நெறியில். ஊசி வைத்துத் திசு எடுத்துப் பார்த்தால் புற்றுதான். ஆனால் அந்த இடத்தில் பிறந்த புற்றல்ல. எங்கே பிறந்தது என்று ஸ்கேன், எண்டோஸ்கோபி, ரத்தப் பரிசோதனை எல்லாம் செய்தும் பிறப்பிடம் அகப்படவில்லை என்றால்தான் இந்தப் பெயர் சூட்டப்படும். தேடல் தோற்ற பிறகு கிடைக்கும் பெயர் இது. ஆகவே இந்நோய் எவ்வளவு பரவலானது என்ற கேள்விக்குள்ளேயே, எவ்வளவு தேடினார்கள் என்ற கேள்வியும் உட்கார்ந்திருக்கிறது.

பெயர் தெரியாமல் இருப்பதன் விலை பெரிது. புற்றுநோய் மருத்துவம் உறுப்புவாரியாகக் கட்டப்பட்டிருக்கிறது. மார்பகத்துக்கு ஒரு மருந்து வரிசை, பெருங்குடலுக்கு வேறு. சிறப்பு மருத்துவர்கள், மருந்தாய்வுகள், காப்பீட்டு அனுமதிகள் எல்லாமே உறுப்பின் பெயரைக் கேட்டுத்தான் கதவைத் திறக்கும். உறுப்பின் பெயர் இல்லாதவருக்குப் பொதுவான கீமோதெரபிதான். மருந்தாய்வுகளில் சேர்க்கப்படும் அளவுக்குத் தெம்புள்ளவர்களே சராசரியாக ஓராண்டை ஒட்டித்தான் வாழ்ந்தார்கள். ஆய்வுகளுக்கு வெளியே, எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால், சில மாதங்கள்தான்.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். பழைய பாடநூல்களைப் புரட்டினால், கண்டறியப்படும் புற்றுநோய்களில் 3 முதல் 5 சதவீதம் இவ்வகை என்று இருக்கும். அதிகம் காணப்படும் பத்துப் புற்றுநோய்களில் ஒன்று என்றும், புற்றுநோய் இறப்புகளில் மூன்றாவது அல்லது நான்காவது இடம் என்றும் எழுதியிருப்பார்கள். இன்றைய வழிகாட்டு நெறிகள் 1 முதல் 3 சதவீதம் என்கின்றன. இடையில் நடந்த சரிவைப் பல நாடுகளின் பதிவேடுகள் தனித்தனியே பதிவுசெய்திருக்கின்றன. அமெரிக்காவில் 1973-இல் தொடங்கிய ‘சீர்’ பதிவேட்டுத் திட்டத்தின் தரவுகளில் இந்நோயின் விகிதம் 1970-களில் ஏறி, 1980-இல் உச்சம் தொட்டு, பிறகு இறங்கிக்கொண்டே வந்தது. 2007-க்குப் பின் மொத்தப் புற்றுநோய்களில் 2 சதவீதத்துக்கும் கீழே போனது. சுவீடனில் 1960 முதல் பார்த்தால், 1990-கள் வரை ஏற்றம், அதன்பின் இறக்கம். ஸ்காட்லாந்தும் கிட்டத்தட்ட அப்படியே: 1961-இலிருந்து ஏறிவந்து 1990-களின் நடுவாக்கில் திரும்பியது. நெதர்லாந்தில் சரிவு இன்னும் செங்குத்து. 2000-ஆம் ஆண்டில் லட்சம் பேருக்கு 14 என்றிருந்த விகிதம் 2012-இல் 7 ஆனது. பன்னிரண்டே ஆண்டில் பாதி.

எந்த மருந்தும் தடுப்பூசியும் தடுப்புப் பிரச்சாரமும் இதைக் குறிவைத்து நடக்கவில்லை. புகையிலைக்கு இந்நோயில் பங்குண்டு. அதிகம் புகைப்பவர்களுக்கு ஆபத்து பல மடங்கு என்று ஐரோப்பாவின் நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புகைப்பழக்கம் குறைந்ததும், மேலை நாடுகளில் இரைப்பைப் புற்று அருகிப்போனதும் சரிவுக்குக் கொஞ்சம் உதவியிருக்கும். ஆனால் பன்னிரண்டு ஆண்டில் ஒரு நோயைப் பாதியாக்கும் வேகம் புகையிலைக்குக் கிடையாது. நுரையீரல் புற்று இறங்கப் பல பத்தாண்டுகள் பிடித்தன. அப்படியானால் குறைந்தது எது?

முதலில் ஏற்றத்தைப் பார்க்க வேண்டும். அதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. நோய் கண்டறியும் கருவிகள் மேம்பட மேம்பட ‘மூலம் தெரியவில்லை’ என்ற முடிவு குறையும் என்றுதான் தோன்றும். 1960 முதல் 1990 வரை நடந்தது இதற்கு நேர் எதிர். காரணம் எளிது. கருவிகள் முதலில் காட்டிக்கொடுத்தது மூலத்தை அல்ல, பரவலை. அதற்கு முன் வயிறு வீங்கி, மஞ்சள் பூத்து, மெலிந்து இறந்துபோன எழுபது வயதுக்காரருக்குக் ‘கல்லீரல் கோளாறு’ என்றோ ‘முதுமை’ என்றோ எழுதி முடித்திருப்பார்கள். அல்ட்ராசவுண்டும் சி.டி. ஸ்கேனும் வந்தபின் கல்லீரலில் பத்துப் பன்னிரண்டு கட்டிகள் படத்தில் தெரிந்தன. அவற்றில் ஊசியை விட்டுச் செல்களை உறிஞ்சி எடுத்து, ‘அடினோகார்சினோமா’ என்று எழுத முடிந்தது. அந்தச் சொல்லுக்குமேல் ஒன்றும் எழுத முடியவில்லை. சுரப்பித் திசுவில் பிறந்த புற்று என்பதுதான் அதன் பொருள். சுரப்பித் திசு உடம்பில் எங்கில்லை?

மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சிப் பார்க்கும் முறையை அன்றாட மருத்துவமாக வளர்த்தெடுத்ததில் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்துக்குப் பெரும்பங்குண்டு. சுவீடனின் வளைகோடு அத்தனை காலம் ஏறிக்கொண்டே இருந்ததில் இந்த ஊசிக்கும் ஒரு கை இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஊசி தரும் திசு சொற்பம். புற்றா இல்லையா என்று சொல்லப் போதும். எங்கிருந்து வந்தது என்று சொல்லப் போதாது.

மூலத்தைத் தேடும் முறைகளோ அந்நாளில் மகா மோசம். பேரியம் கரைசலைக் குடிக்கவைத்து வயிற்றை எக்ஸ்ரே எடுப்பார்கள். பின்வழியே பேரியம் ஏற்றிக் குடலை எடுப்பார்கள். சாயம் செலுத்திச் சிறுநீரகத்தை எடுப்பார்கள். நோயாளியின் மிச்சமிருந்த வாழ்நாளில் பாதி இந்தத் தேடலிலேயே கழிந்தது. இவ்வகை எக்ஸ்ரே சோதனைகள் மூலத்தைக் கண்டுபிடிக்கப் போதவே போதாது என்று 1979-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கட்டுரை தரவுகளோடு எழுதியது. ஆக, பரவலைக் காணும் கண் கூர்மையானது. மூலத்தைக் காணும் கண் மங்கலாகவே இருந்தது. அந்த இடைவெளிதான் வளைகோட்டின் ஏறுமுகம்.

இடைவெளி மூடத் தொடங்கிய கதை நுண்ணோக்கியடியில் நடந்தது. 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகை எதிர்ப்புரதத்தை வேண்டிய அளவு உற்பத்திசெய்யும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1984-இல் நோபல் பரிசு வந்தது. நோயியல் ஆய்வகத்துக்கு அதன் பயன் இதுதான்: குறிப்பிட்ட ஒரு புரதத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்புரதத்தைத் திசுத் துண்டின்மேல் ஊற்றி, ஒட்டிய இடத்தைப் பழுப்பு நிறமாக மாற்றிக் காட்டலாம். இன்று நம்மூர் ஆய்வகங்களிலும் ‘ஐ.எச்.சி. போடணும்’ என்று சொல்வது இதைத்தான்.

ஆக்ஸ்ஃபோர்டின் ஒரு குழு 1985-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை இந்தச் சோதனையின் பலத்தை வெளிச்சமிட்டது. வழக்கமான சாயத்தில் இன்னதென்று தெரியாத புற்றுகளை எடுத்து எதிர்ப்புரதச் சோதனைக்கு உட்படுத்தியபோது அவற்றில் பல நிணநீர்ப் புற்றுகள் என்று தெரிந்தது. நிணநீர்ப் புற்றுகளில் பல, மருந்தால் குணமாகக்கூடியவை. பெயர் தெரியாமல் கைவிடப்பட்டிருக்கக்கூடியவர்களுக்கு, பெயர் தெரிந்ததால் பிழைக்க வழி உண்டானது. இந்தத் துறையில் பெயரிடல் நேரடியாக உயிர் காத்த இடம் என்று நான் முதலில் சுட்டுவது இதைத்தான்.

1990-களில் இன்னும் நுட்பமான சாயங்கள் வந்தன. கல்லீரல் கட்டியிலிருந்து எடுத்த துண்டு ஒன்று நோயியல் நிபுணரின் மேசைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சுரப்பிப் புற்று என்று தெரிகிறது. சைட்டோகெரட்டின் 7, சைட்டோகெரட்டின் 20 என்ற இரண்டு சாயங்களை முதலில் போடுவார். 20 பழுப்பாகி 7 வெள்ளையாகவே இருந்தால் பெருங்குடலை நோக்கிச் சந்தேகம் திரும்பும், உறுதிப்படுத்த சி.டி.எக்ஸ்.2 போடுவார். 7 பழுப்பாகி 20 வெள்ளையாக இருந்தால் நுரையீரல், மார்பகம், சினைப்பை என்று பட்டியல் நீளும். டி.டி.எஃப்.1 சாயத்தில் செல்களின் உட்கருக்கள் மட்டும் அடர்பழுப்புப் புள்ளிகளாக எழுந்து நின்றால் நுரையீரலையோ தைராய்டையோ நினைக்க வேண்டும். இரண்டும் பழுப்பானால் கணையம், பித்தநாளம், இரைப்பை. அங்கே சாயங்களின் சாமர்த்தியம் குறையத் தொடங்கும். ஒவ்வொரு சாயத்துக்கும் திசுவில் ஒரு சீவல் செலவாகும். துண்டு சிறியதென்றால் நான்காவது கேள்விக்கே திசு தீர்ந்துபோகும். உறிஞ்சும் ஊசிக்குப் பதிலாகப் பருத்த ஊசியால் திசுத் தூண் எடுக்கும் பழக்கம் வேரூன்றியதும் இதனால்தான்.

ஐரோப்பிய வளைகோடுகள் 1990-களில் திரும்பியதும், இந்தச் சாயங்கள் வழக்கத்துக்கு வந்ததும் ஒரே காலம். அமெரிக்கா 1980-லேயே திரும்பியதற்கு பரவலோடு சில மூலங்களையும் காட்டும் சி.டி. ஸ்கேன் அங்கே பிரிட்டனைவிட வேகமாகப் பரவியது காரணமாக இருக்கலாம். சி.டி. பிறந்ததென்னவோ லண்டனில்தான், 1971-இல் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை படமெடுக்கப்பட்டது. 2000-க்குப் பின் பெட்-சி.டி. வந்தது. மற்ற சோதனைகளில் மூலம் அகப்படாத 433 நோயாளிகளின் தரவுகளைத் திரட்டி 2009-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அவர்களில் 37 சதவீதத்தினருக்குப் பெட்-சி.டி. மூலத்தைக் காட்டியது என்றது. மீதி 63 சதவீதத்தையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கருவிகளின் பங்கு இவ்வளவு. இன்னொரு பங்கு எல்லைக்கோட்டைத் திருத்தி வரைந்ததில் இருக்கிறது. அக்குளில் நெறி கட்டி, அதில் சுரப்பிப் புற்று என்று வந்த பெண்ணுக்கு மார்பகத்தில் எந்தக் கட்டியும் தெரியாத நிலையை அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1907-லேயே எழுதியிருக்கிறார். இன்று அப்படிப்பட்டவரைக் கட்டி தென்படாத மார்பகப் புற்று என்றே வகைப்படுத்தி, அதற்கான சிகிச்சையே தருகிறார்கள். வயிற்று உறையில் பரவிய ஒருவகைப் புற்றைச் சினைப்பை, கருக்குழாய்ப் புற்றுகளோடு சேர்த்து ஒரே குடும்பமாக 2014-இல் மகப்பேறு மருத்துவர்களின் உலகக் கூட்டமைப்பு தரப்படுத்தியது. கழுத்து நெறியில் புற்று, தொண்டையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் 2017 வரை அது மூலமறியாதது. புற்றுநோய் நிலைகளை வகுக்கும் அமெரிக்கக் கூட்டுக்குழுவின் எட்டாம் பதிப்பு வந்தபின், அந்த நெறியில் பாப்பிலோமா வைரசின் தடம் இருந்தால் அது தொண்டைப் புற்று. எப்ஸ்டைன்-பார் வைரஸ் இருந்தால் மூக்கின் பின்புறத் தொண்டைப் புற்று. கட்டி அப்போதும் கண்ணுக்குத் தெரியவில்லை. விதிப்புத்தகம் மாறியது, நோயாளி ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குப் போனார்.

எனக்கு இதில் ஆட்சேபணை இல்லை. மருத்துவ ரீதியில் சரியான திருத்தங்கள் இவை. சிகிச்சை தெளிவாகிறது, பிழைப்பவர்கள் கூடுகிறார்கள். வளைகோட்டைப் பார்த்து ‘நோய் குறைகிறது’ என்று தலைப்பு போடுகிறவர்களிடம்தான் என் வழக்கு.

பதிவேட்டு அலுவலரின் மேசையில் நடப்பதையும் பார்த்துவிட வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 தொகுதியில் மூலம் தெரியாத புற்றுக்குச் சங்கேத எண் சி80. தொடக்கத்தில் ஒரே பெட்டி. பின்னர் இரண்டாகப் பிரித்தார்கள்: மருத்துவரே ‘மூலம் தெரியவில்லை’ என்று எழுதியிருந்தால் சி80.0; மருத்துவர் எதுவும் குறிப்பிடாமல் விட்டிருந்தால் சி80.9. தேடிக் கிடைக்காததும், தேடவே படாததும் வேறுவேறு என்று ஒப்புக்கொண்ட திருத்தம் இது. சற்றுப் பிந்திய ஞானம்தான். பழைய வளைகோடுகளில் இரண்டும் ஒன்றாகவே கலந்து கிடக்கின்றன.

ஒரு கேஸ் ஷீட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 82 வயது மூதாட்டி. ஸ்கேனில் கல்லீரல் முழுக்கக் கட்டிகள். எழுந்து நிற்கத் தெம்பில்லை. பயாப்ஸி வேண்டாம் என்று குடும்பம் சொல்லிவிட்டது. மூன்று வாரத்தில் இறந்துபோனார். பதிவேட்டு அலுவலர் எந்த எண் போடுவார்? ‘கல்லீரலில் செகண்டரி’ என்று மருத்துவர் எழுதியிருந்தால் சி80. ‘கல்லீரல் புற்று’ என்று அவசரத்தில் எழுதியிருந்தால் சி22, அதாவது கல்லீரலிலேயே பிறந்த புற்று. திசுப் பரிசோதனை குறைந்த நாடுகளில் கல்லீரல், நுரையீரல், எலும்பு, மூளை ஆகிய வரிகளுக்குள் மூலமறியாப் புற்றுகள் இப்படி ஒளிந்துகொள்வது பதிவேட்டு உலகில் பழைய பிரச்சினை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, பதிவேடுகளின் தரத்தை அளக்க மூன்று அளவைகளை அருகருகே பார்ப்பதும் அதனால்தான்: திசுவால் உறுதிசெய்யப்பட்டவை எத்தனை சதவீதம், இறப்புச் சான்றிதழில் மட்டுமே பெயர் கண்டவை எத்தனை, முதலிடம் தெளிவில்லாதவை எத்தனை.

நாட்டுக்கு நாடு ஒப்பிடுவதும் இதனாலேயே சிக்கல். நெதர்லாந்தின் பதிவேடு நாடு தழுவிய நோயியல் ஆய்வக வலைப்பின்னலிலிருந்து தகவல் பெறுகிறது. இறப்புச் சான்றிதழைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பிரிட்டனில் இறப்புச் சான்றிதழும் ஒரு வாசல். மருத்துவமனைக்கே போகாமல் இறந்த முதியவர் பிரிட்டனில் கணக்கில் ஏறுவார், நெதர்லாந்தில் ஏறமாட்டார். இரு நாட்டு விகிதங்களையும் ஒரே படத்தில் வரைந்தால் அழகாக இருக்கும், அர்த்தம் இருக்காது.

இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2010-இல் இந்தக் குழப்பத்தைப் படிநிலைகளாகப் பிரித்தது. தொடக்கச் சோதனைகளோடு நின்ற நிலையில், மூலம் வரையறுக்கப்படாத புற்று. திசுவும் பார்த்து, முதற்கட்டத் தேடல் முடிந்தபின், தற்காலிகமாக மூலமறியாப் புற்று. சிறப்புக் குழு பார்த்து, தேவையான சிறப்புச் சோதனைகளும் முடிந்தபின், உறுதிசெய்யப்பட்ட மூலமறியாப் புற்று. மூன்றாம் படிவரை வந்து சேர்பவர்கள் சிறுபான்மை. முதற்படியிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். வயது, பலவீனம், விருப்பமின்மை, சில சமயம் மருத்துவரின் அனுமானம். பிரிட்டனின் மூலமறியாப் புற்றாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் 75 வயதைக் கடந்தவர்கள். ஸ்காட்லாந்தின் தரவுகளில் ஏழ்மை மிகுந்த பகுதிகளில் இந்நோயின் விகிதம் கூடுதல். ஏழ்மையோடு புகைப்பழக்கமும் வரும், தாமதமாக மருத்துவமனை வருவதும் வரும். எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம்.

எண்ணிக்கை பாதியானபோது, மிச்சமிருப்பவர்களின் ஆயுள் கூடியதா? அநேகமாக இல்லை. பல நாடுகளின் பதிவேடுகளில், விகிதம் இறங்கிய அதே காலத்தில் உயிர்வாழும் காலம் ஏறக்குறைய அசையவே இல்லை. முதலில் புதிராகத் தோன்றும். யார் வெளியேறினார்கள் என்று பார்த்தால் புரிந்துவிடும். பெயர் கண்டுபிடிக்கப்பட்டு வேறு வரிக்குப் போனவர்கள்தான் சிகிச்சைக்கு ஓரளவு இணங்கக்கூடியவர்கள்: நிணநீர்ப் புற்று, மார்பகம், சினைப்பை, தொண்டை, இளைஞர்களின் நெஞ்சுக்கூட்டில் வரும் விந்தக வகைக் கட்டிகள். எஞ்சியவர்கள் தேடியும் கிடைக்காத முரட்டுப் புற்றுக்காரர்களும், தேடலைத் தாங்கும் உடம்பில்லாதவர்களும். பானையிலிருந்து தெளிந்த நீரை மொண்டுகொண்டே போனால் அடியில் கசடு அடர்ந்துகொண்டே வரும். அந்தக் கசடைப் பார்த்து நீர் கெட்டுவிட்டது என்றோ, பானை காலியானதைப் பார்த்துத் தாகம் தீர்ந்தது என்றோ சொல்ல முடியாது.

அப்படியென்றால் உண்மையில் அந்த மூலங்கள் எங்கே இருந்தன? இதற்கு ஒரு காலத்தில் நேரான பதில் இருந்தது: இறந்தபின் உடலைத் திறந்து பார்ப்பது. 1944 முதல் 2000 வரை வெளியான 12 பிணக்கூறாய்வுத் தொகுதிகளிலிருந்து 884 பேரின் விவரங்களைக் கிரேக்க மருத்துவர்கள் பென்தெரூடாகிசும் பாவ்லிடிசும் சகாக்களும் 2007-இல் திரட்டினார்கள். 73 சதவீதத்தினருக்கு மூலம் கிடைத்திருந்தது. நுரையீரல் 27 சதவீதம், கணையம் 24 சதவீதம். உயிரோடிருக்கையில் தப்பிய கட்டிகள் பெரும்பாலும் மிகச் சிறியவை. நான்கில் ஒரு பங்கினருக்கு உடலையே திறந்தும் மூலம் கிடைக்கவில்லை. தொடக்கக் கட்டியை உடம்பின் எதிர்ப்பாற்றலே அழித்திருக்கலாம்; வளர ரத்தக்குழாய் கிடைக்காமல் அது புள்ளியாகவே நின்றிருக்கலாம். கருதுகோள்கள் பல, தீர்ப்பு இல்லை.

அதே கட்டுரை மரபணு வெளிப்பாட்டைக் கொண்டு மூலத்தைக் கணிக்கும் புதிய சோதனைகளின் முடிவுகளையும் பக்கத்தில் வைத்தது. இரண்டு பட்டியலும் ஒத்துப்போகவில்லை. பிணக்கூறாய்வில் பின்வரிசையில் இருந்த மார்பகம், மரபணுக் கணிப்பில் முன்வரிசைக்கு வந்துவிட்டது. யார் சரி? பிணக்கூறாய்வுக்கு உட்பட்டவர்களும் மரபணுச் சோதனைக்குத் திசு கொடுத்தவர்களும் வேறுவேறு காலத்தவர், வேறுவேறு வகையினர். சோதனை தவறாகவும் கணித்திருக்கலாம். சரிபார்க்கும் வழி அருகிவிட்டது என்பதுதான் சங்கடம். மேலை நாட்டு மருத்துவமனைகளில் பிணக்கூறாய்வு கடந்த அரை நூற்றாண்டில் வெகுவாகக் குறைந்துபோனது.

கணிப்பைப் பின்பற்றிச் சிகிச்சை தந்தால் பலன் உண்டா என்று கேட்ட மருந்தாய்வுகளும் முரண்படுகின்றன. ஜப்பானில் 2019-இல் வெளியான ஆய்வில், மரபணுக் கணிப்பின்படி உறுப்புக்கேற்ற மருந்து பெற்றவர்களில் ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 44 சதவீதம். பொதுவான கீமோதெரபி பெற்றவர்களில் 54.9 சதவீதம். வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதல்ல. ஆனால் புதிய முறை வெல்லவில்லை என்பது உறுதி. 2024-இல் ஷாங்காயின் ஃபூடான் பல்கலைக்கழக ஆய்வு மாறிச் சொன்னது: 182 பேரில், நோய் முற்றாமல் இருந்த இடைக்காலம் கணிப்புவழிச் சிகிச்சையில் 9.6 மாதம், பொதுச் சிகிச்சையில் 6.6 மாதம். அதே ஆண்டு வெளியான கப்பிஸ்கோ ஆய்வு, உறுப்பைத் தேடுவதையே விட்டுவிட்டது. கீமோதெரபியால் நோய் கட்டுக்குள் வந்த 436 பேரில், கட்டியின் மரபணுக் கோளாறைப் பார்த்து அதற்கேற்ற மருந்து தந்த குழுவுக்கு அந்த இடைக்காலம் 6.1 மாதம், கீமோதெரபியையே தொடர்ந்த குழுவுக்கு 4.4 மாதம். ஏழு வாரத்துக்கும் சற்று மேலான லாபம். நோயாளியின் வீட்டில் அது சின்ன எண் அல்ல.

பதிவேடுகளுக்கு இது புதுத் தலைவலி. ‘கணையமாக இருக்க 90 சதவீத வாய்ப்பு’ என்று ஒரு கணினி நிரல் சொன்னால் அந்த நோயாளி எந்த வரியில் ஏறுவார்? கணையத்தின் வரியில் ஏற்றினால் மூலமறியாப் புற்று இன்னும் இறங்கும். கணையப் புற்று அந்த அளவு ஏறும். யாருடைய உடம்பிலும் எதுவும் மாறியிருக்காது. வரும் பத்தாண்டுகளின் சரிவில் ஒரு பகுதி இப்படிப்பட்டதாகத்தான் இருக்கும்.

இந்தியாவின் நிலையை மேலே சொன்ன வளைகோடுகளோடு நேரடியாகப் பொருத்த முடியாது. தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 1980-களின் தொடக்கத்தில் பெங்களூரு, பம்பாய், சென்னை மூன்றிலும் மக்கள்தொகை சார்ந்த பதிவேடுகளோடு தொடங்கியது. சென்னைப் பதிவேடு அடையாறு புற்றுநோய் நிறுவனத்தின் பொறுப்பில் நடக்கிறது. சுவீடனில் மருத்துவரும் நோயியல் நிபுணரும் தகவல் அனுப்பியே ஆக வேண்டும் என்பது சட்டம். இங்கே பதிவேட்டு ஊழியர்களே மருத்துவமனை மருத்துவமனையாக ஏறியிறங்கிக் கேஸ் ஷீட்டுகளையும் ஆய்வக ஏடுகளையும் புரட்டி எடுத்தாக வேண்டியிருந்தது. மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளோடும் ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். சான்றிதழில் புற்றுநோய் என்றே எழுதப்படாத இறப்புகள் ஏராளம். ஊரகத்துக்காகத் திண்டுக்கல் அம்பிளிக்கைப் பதிவேடு 2003-இலும், மாநிலம் முழுமைக்குமான திட்டம் 2012-இலும் சேர்ந்தன.

மாவட்டத் தலைநகர்களில் சி.டி. ஸ்கேன் வந்துவிட்டது, ஊசிவழித் திசு எடுப்பதும் பரவிவிட்டது. முழு ஐ.எச்.சி. வரிசையும் பெட் ஸ்கேனும் இன்னும் பெருநகரச் சமாசாரம், காசும் அதிகம். பரவலைக் காணும் கண் திறந்து, மூலத்தைக் காணும் கண் பாதி மூடியிருக்கும் அந்த இடைவெளியில், 1970-களின் சுவீடன் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், பல மாவட்டங்கள் இன்று நிற்கின்றன. ஆகவே அடுத்த சில ஆண்டுகளில் இங்கே சி80-இன் பங்கு ஏறினால் அதைத் தோல்வி என்று நான் படிக்க மாட்டேன். முன்பு கணக்கிலேயே வராதவர்களும், கல்லீரல் புற்று என்று தவறாக எழுதப்பட்டவர்களும் இப்போதுதான் வந்து சேர்கிறார்கள் என்பதாகவும் இருக்கலாம். அதே ஆண்டுகளில் கல்லீரல் வரி இறங்கியதா, திசு உறுதி பெற்றவர்களின் சதவீதம் ஏறியதா, சி80-க்குள் 75 வயது கடந்தவர்கள் எத்தனை பேர் என்ற மூன்று எண்களையும் அருகில் வைத்தால்தான் அந்த ஏற்றம் எவ்வகை என்று சொல்ல முடியும்.